பிரித்தலும் இணைத்தலும்: தில்லி மாநகராட்சிப் பிரிவினை (2012–2022) குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பெருநகரம் ஒன்றைத் தன்னாட்சியுடைய சிறு உள்ளாட்சிகளாகப் பிரிக்க வேண்டுமா என்னும் வினா பெரும்பாலும் பரப்பளவு, மக்கள்தொகை ஆகிய அளவைகளைக் கொண்டே விவாதிக்கப்படுகிறது. தில்லி மாநகராட்சி 2012-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. 2022-இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. இவ்விரு முடிவுகளுக்கும் முன்வைக்கப்பட்ட காரணங்களை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது. தில்லியில் பிரிக்கப்பட்டது நிலப்பரப்பே, அதிகாரம் அன்று. ஆகவே அப்பிரிவினையின் தோல்வியைச் சிறு உள்ளாட்சி என்னும் கருத்தின் தோல்வியாகக் கொள்வது பொருந்தாது. அதே வேளையில், வருவாய்ப் பகிர்வுக்கு வழி செய்யாத எந்தப் பிரிவினையும் ஏழைப் பகுதிகளையே முதலில் வருத்தும் என்பதைத் தில்லி ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியுள்ளது. இலண்டன், மொன்றியால், லாஸ் ஏஞ்சலிஸ், பெங்களூரு ஆகிய நகரங்களின் நிகழ்வுகள் ஒப்புநோக்குக்காகக் கையாளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உள்ளாட்சி, தில்லி மாநகராட்சி, பிரிவினை, வருவாய்ப் பகிர்வு, 74ஆவது திருத்தம், பெருநகர ஆட்சி.

முன்னுரை

நிர்வாகம் மக்களுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதை மறுப்போர் இலர். நகரம் முழுமைக்கும் ஒரே திட்டம் வேண்டும் என்பதையும் மறுப்போர் இலர். இவ்விரு நியாயங்களும் ஒன்றோடொன்று மோதும் இடமே பெருநகரம். அதனால்தான் பெருநகர எல்லைகள் ஒரு தலைமுறையில் விரிவாக்கப்படுகின்றன. அடுத்த தலைமுறையில் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் காரணமாகச் சொல்லப்படுவது திறமையான நிர்வாகம் என்னும் ஒரே சொற்றொடர்தான்.

இம்முரணை ஆராய்வதற்குத் தில்லியைவிடத் தக்க களம் அரிது. ஒரே நகரம், ஒரே சட்டம், ஒரே மக்கள்; பத்தாண்டு இடைவெளியில் நேர்மாறான இரு முடிவுகள். முதல் முடிவை எடுத்தது தில்லி சட்டப்பேரவை. இரண்டாவதை எடுத்தது நாடாளுமன்றம். இரண்டிலும் நகரவாசிகளின் கருத்து வாக்கெடுப்பின் வழி கேட்கப்படவில்லை. எது சரியான முடிவு எனத் தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் முதன்மை நோக்கமன்று. இரு முடிவுகளும் எதைப் பேசாமல் விட்டன என்பதைக் காண்பதே நோக்கம்.

நிலத்திற்கு முன் அதிகாரம் பிரிந்தது

தில்லி மாநகராட்சி, நாடாளுமன்றம் இயற்றிய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 ஏப்ரலில் தோன்றியது. தொடக்கத்தில் அது வெறும் துப்புரவு அமைப்பாக இருக்கவில்லை. குடிநீர், மின்சாரம், பேருந்து, தீயணைப்பு ஆகிய அனைத்தும் அதன் குடையின்கீழ் இருந்தன. பின்னர் அவை ஒவ்வொன்றாக விலகின. 1971-இல் பேருந்துப் போக்குவரத்து தனிக் கழகமாயிற்று. 1994-இல் தீயணைப்புத் துறை தில்லி அரசிடம் சென்றது. 1997-இல் மின்சாரத்திற்குத் தனி வாரியமும் 1998-இல் குடிநீருக்குத் தனி வாரியமும் அமைந்தன. நகர நிலமும் முதன்மைத் திட்டமும் 1957-இல் தோன்றிய தில்லி வளர்ச்சி ஆணையத்திடம் இருந்தன. அவ்வாணையம் ஒன்றிய அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது. மாநகராட்சிப் பிரிவினையை ஒட்டி, 60 அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலைகளும் தில்லி அரசின் பொதுப்பணித் துறைக்கு மாற்றப்பட்டன.

இந்த வரலாற்றின் காலவரிசை கவனத்திற்குரியது. அரசமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணை பட்டியலிட்டது. குடிநீரும் தீயணைப்பும் அப்பட்டியலில் உள்ளவை. திருத்தம் நடைமுறைக்கு வந்த ஐந்தாண்டுகளுக்குள் இவ்விரண்டையும் தில்லி மாநகராட்சி இழந்தது. அரசமைப்பு உள்ளாட்சிக்கு வழங்கலாம் எனச் சொன்னவை, நடைமுறையில் உள்ளாட்சியிடமிருந்து எடுக்கப்பட்டன.

எஞ்சிய அதிகாரமும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கையில் முழுமையாக இல்லை. தில்லி மேயரின் பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. முதலாண்டு பெண்ணுக்கும் மூன்றாமாண்டு பட்டியல் சாதியினருக்கும் ஒதுக்கப்பட்டிருப்பது சமூக நீதி நோக்கில் வரவேற்கத்தக்கது. ஆயினும் ஓராண்டில் மாறும் மேயர் எந்தத் திட்டத்தையும் தொடங்கி முடிக்க இயலாது. நிர்வாக அதிகாரம் நியமனம் பெற்ற ஆணையரிடமே தங்குகிறது. ஆகவே 2012-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது, முன்பே பணிகளால் மெலிந்துபோன ஓர் அமைப்பாகும். இதைக் கருத்திற்கொள்ளாமல் பிரிவினையின் விளைவுகளை மதிப்பிட இயலாது.

2012: கணக்கேடு மூன்றான விதம்

மாநகராட்சியைச் சிறு அமைப்புகளாகப் பிரிக்கலாம் என்னும் கருத்து 1980களின் இறுதியில் பாலகிருஷ்ணன் குழுவாலும், 2001-இல் வீரேந்திர பிரகாஷ் குழுவாலும் முன்வைக்கப்பட்டது. ஷீலா தீட்சித் முதல்வராக இருந்த காலத்தில், 2011-இல் தில்லி சட்டப்பேரவை இதற்கான திருத்தத்தை நிறைவேற்றியது. ஏறத்தாழ 1,397 சதுர கிலோமீட்டர் பரப்புடைய மாநகராட்சி, வடக்கு (104 வார்டுகள்), தெற்கு (104 வார்டுகள்), கிழக்கு (64 வார்டுகள்) என மூன்றாயிற்று. மூன்று மேயர்கள், மூன்று ஆணையர்கள், மூன்று நிலைக்குழுக்கள் வந்தனர்.

பிரிக்கும்முன் மாநகராட்சியின் வருவாய் ஒரே கணக்கேட்டில் சேர்ந்தது. தெற்கின் வணிக வளாகங்களும் செல்வர் குடியிருப்புகளும் செலுத்திய சொத்துவரி, யமுனைக்குக் கிழக்கே தெருக் கூட்டும் பணியாளரின் ஊதியமாகவும் சென்றது. இப்பகிர்வுக்கென எவரும் சட்டம் இயற்றவில்லை. எவரும் கோரிக்கை மனு எழுதவும் இல்லை. ஒரே கருவூலம் என்பதே பகிர்வாக இருந்தது. 2012-இல் அக்கருவூலம் மூன்றானபோது இந்தப் பகிர்வு நின்றது. அதற்கு ஈடாகத் தானாகவே இயங்கும் மாற்று ஏற்பாடு எதுவும் சட்டத்தில் இடம்பெறவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் நடந்த பகிர்வு, மேலிருக்கும் அரசிடம் ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டிய உதவியாக மாறிற்று.

விளைவு முதலில் கிழக்கில் தெரிந்தது. நெருக்கமான குடியிருப்புகளும் அங்கீகாரமற்ற குடியேற்றங்களும் மிகுந்த அப்பகுதியில் வரி வருவாய்க்கான அடித்தளம் குறுகியது. 2015 முதல் 2018 வரையிலான காலத்தில் கிழக்கு தில்லியின் தூய்மைப் பணியாளர்கள் நிலுவை ஊதியம் கோரிப் பலமுறை பணியை நிறுத்தினர். தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. மூன்று மாநகராட்சிகளிலும் பாரதிய ஜனதா கட்சியும் 2015 முதல் தில்லி அரசில் ஆம் ஆத்மி கட்சியும் ஆட்சியில் இருந்தன. நிதி தரவில்லை என ஒருவரும், தந்த நிதி வீணானது என மற்றவரும் குற்றம் சாட்டினர். தம் ஊதியம் எந்த அலுவலகத்தில் நின்றுபோனது என்பதைப் பணியாளர்களால் அறிய முடியவில்லை. பொறுப்பேற்பவரை மக்களுக்கு அருகில் கொண்டுவருவதாகச் சொல்லப்பட்ட சீர்திருத்தம், பொறுப்பு எவருடையது என்பதையே மங்கச் செய்தது.

வடக்கின் நிலை வேறொரு படிப்பினையைத் தருகிறது. பழைய நகரத்தை உள்ளடக்கிய அப்பகுதிக்கு இந்துராவ், கஸ்தூர்பா உள்ளிட்ட பெரிய மாநகராட்சி மருத்துவமனைகள் வந்து சேர்ந்தன. இவை நகரம் முழுமைக்குமாக வளர்ந்த நிறுவனங்கள். நோயாளிகள் மாநகராட்சி எல்லை பார்த்து வருவதில்லை. செலவோ ஒரே மாநகராட்சியின் தலையில் விழுந்தது. 2020 அக்டோபரில், பெருந்தொற்றுக் காலத்தின் நடுவே, இந்துராவ் மருத்துவர்கள் ஊதிய நிலுவைக்காகப் போராட நேர்ந்தது. மாநகராட்சித் தலைமையகக் கட்டடம் வடக்கின் உடைமையானதால், அதே கட்டடத்தில் இயங்கிய தெற்கு மாநகராட்சியிடம் வடக்கு வாடகை கோரியது. பொதுச் சொத்துகளையும் பொதுப் பொறுப்புகளையும் அவை அமைந்துள்ள இடத்தைக் கொண்டு மட்டும் பிரித்தால் என்ன நேரும் என்பதற்கு இவை சான்றுகள்.

2022: சரியான நோய்நாடல், பொருந்தாத மருந்து

2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தின் நோக்கவுரை, மூன்று மாநகராட்சிகளின் நிலப்பரப்பும் வருவாய் ஈட்டும் ஆற்றலும் சமமின்றிப் பிரிக்கப்பட்டன என்றும், அதனால் வருவாய்க்கும் செலவுக்குமான இடைவெளி பெருகியது என்றும் கூறியது. இந்நோய்நாடல் சரியானதே. மேற்கண்ட பகுதியில் கூறப்பட்டவை அதனை உறுதி செய்கின்றன.

ஆயின் மருந்தாக முன்வைக்கப்பட்டது எது? வருவாய்ச் சமமின்மைதான் குறை என்றால், வருவாய்ப் பகிர்வு விதி ஒன்றைச் சட்டத்தில் சேர்ப்பது நேரான தீர்வு. அரசமைப்பின் 243ஒய் உறுப்பு, நிதி ஆணையத்தின் வழி உள்ளாட்சிகளுக்குப் பங்கீடு செய்ய முன்பே இடம் தந்துள்ளது. அவ்வழி தேர்ந்தெடுக்கப்படவில்லை. மூன்றும் ஒன்றாக்கப்பட்டன. அத்துடன், நோக்கவுரை சொன்ன நோயோடு தொடர்பில்லாத இரு மாற்றங்களும் நிகழ்ந்தன.

ஒன்று, சட்டத்தின் பல பிரிவுகளில் தில்லி அரசுக்கு இருந்த அதிகாரம் ஒன்றிய அரசுக்கு மாற்றப்பட்டது. மற்றொன்று, வார்டுகளின் எண்ணிக்கை 250-க்கு மிகாமல் இருக்க வேண்டுமென வரையறுக்கப்பட்டது. முன்பு 272 உறுப்பினர்கள் இருந்தனர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மாநகராட்சிப் பகுதியில் ஏறத்தாழ 1.64 கோடி மக்கள் வாழ்ந்தனர் எனக் கொண்டால், ஓர் உறுப்பினர் சராசரியாக 60 ஆயிரம் பேருக்குப் பதிலாக 65 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பிரதிநிதியாகிறார். மக்கள்தொகை பெருகிவரும் நகரில் பிரதிநிதிகள் குறைக்கப்பட்டனர். வருவாய்க் குறைவுக்கு இது எவ்வகையிலும் மருந்தாகாது.

இணைப்பு நிர்வாகத்தைச் சீராக்கியதா என்பதும் கேட்கத்தக்கது. ஒன்றுபட்ட மாநகராட்சி 2022 மே 22 அன்று நடைமுறைக்கு வந்தது. டிசம்பரில் தேர்தல் நடந்தது. நியமன உறுப்பினர்களின் வாக்குரிமை குறித்த பூசலால் மேயர் தேர்தல் 2023 பிப்ரவரி வரை தள்ளிப்போயிற்று. பத்து நியமன உறுப்பினர்களைத் தில்லி அமைச்சரவையின் ஆலோசனையின்றியே துணைநிலை ஆளுநர் நியமிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பெரிய ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தரும் நிலைக்குழு முழுமையாக அமைய ஈராண்டுக்கும் மேலாயிற்று. மூன்றாக இருந்தபோது நிதியின்றித் தவித்த அமைப்பு, ஒன்றானபின் முடிவெடுக்க இயலாமல் தவித்தது. இரு நிலைகளுக்கும் பொதுவான குறை, உள்ளாட்சிக்கு மேலே இருக்கும் அரசுகளின் பிடி தளராமையே ஆகும்.

எவை சிறிதாகலாம்?

பெரிதா சிறிதா என்னும் வினாவைப் பணிதோறும் தனித்தனியே எழுப்புவதே முறை. தெருக் கூட்டுதல், தெருவிளக்கு, பூங்கா, தொடக்கப்பள்ளி, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை சிறிய அமைப்பின்கீழ் நன்கு நடைபெறக்கூடியவை. இவற்றில் அளவு பெருகுவதால் செலவு குறைவதில்லை, கண்காணிப்புத்தான் தளர்கிறது. குப்பையைத் தெருவிலிருந்து அகற்றுவது இவ்வகையினது. ஆனால் அகற்றிய குப்பையை எங்கே கொட்டுவது, எவ்வாறு பதப்படுத்துவது என்பது வேறு வகையினது. அதற்குப் பெருநிலமும் பெருமுதலும் வேண்டும்.

தில்லியின் மூன்று பெருங்குப்பைக் கிடங்குகளான பல்ஸ்வா, காஜிப்பூர், ஓக்லா ஆகியவை முறையே வடக்கு, கிழக்கு, தெற்கு மாநகராட்சிகளின் பங்காயின. காஜிப்பூர்க் குப்பை மேட்டின் ஒரு பகுதி 2017 செப்டம்பர் 1 அன்று சரிந்து இருவர் உயிரிழந்தனர். மூன்றிலும் வருவாய் குன்றிய மாநகராட்சியிடம்தான் இந்தக் குப்பை மேடு இருந்தது. பிரிக்கத்தக்க பணியும் பிரிக்கலாகாப் பணியும் வேறுபடுத்தப்படாமையின் விலை இது.

இலண்டன் இவ்வேறுபாட்டை நீண்ட பட்டறிவால் கற்றது. 1965-இல் பெருநகர மன்றம் ஒன்றும், அதன்கீழ் 32 பரோக்களும் பழைய இலண்டன் நகராட்சியும் என ஈரடுக்கு முறை அமைந்தது. 1986-இல் மேலடுக்கு கலைக்கப்பட்டது. அடுத்த பதினான்கு ஆண்டுகள் நகரம் முழுமைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு எதுவும் இல்லை. கலைக்கப்பட்ட மன்றத்தின் பணிகள் பரோக்களுக்கும் கூட்டுக் குழுக்களுக்கும் ஒன்றிய அரசுத் துறைகளுக்குமாகச் சிதறின. 2000-இல் மேயரும் பேரவையும் கொண்ட மேலடுக்கு மீண்டும் உருவாக்கப்பட்டது, பரோக்களோ கலைக்கப்படவில்லை. சிறு உள்ளாட்சிகளும் நகரளாவிய ஆட்சியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒன்றுக்கொன்று துணை என்பதே இதன் பொருள்.

முடிவெடுக்கும் உரிமை எவருடையது?

பிரிவினை குறித்த விவாதங்களில் பெரிதும் புறக்கணிக்கப்படும் கூறு, வாழ்வோரின் இசைவு. கனடாவின் மொன்றியால் தீவிலிருந்த 28 நகராட்சிகளும் 2002-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. எதிர்ப்பு வலுத்ததால் 2004 ஜூனில் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. பெரும்பான்மையுடன், பதிவுபெற்ற வாக்காளரில் குறைந்தது 35 விழுக்காட்டினரின் ஆதரவும் வேண்டும் என விதிக்கப்பட்டது. 15 நகராட்சிகள் 2006-இல் மீண்டும் தனியாயின. காவல், தீயணைப்பு, குடிநீர் முதலியவை தீவுக்குப் பொதுவான கூட்டமைப்பிடம் இருத்தப்பட்டன. அக்கூட்டமைப்பில் மொன்றியால் நகருக்கே பெரும்பான்மை என்பதால் சிறு நகராட்சிகளின் மனக்குறை நீடிக்கிறது. ஆயினும் கேட்கப்பட்டோம் என்னும் நிறைவேனும் அவர்களுக்கு உண்டு.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கைப் பிரிக்கும் முன்மொழிவு 2002 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. பிரிய விரும்பும் பகுதி, முழு நகரம் ஆகிய இரண்டிலும் பெரும்பான்மை தேவை எனச் சட்டம் கூறியது. பள்ளத்தாக்கில் சிறு பெரும்பான்மை கிடைத்தது. நகரம் முழுவதிலும் தோற்றது. பிரிவினையால் எஞ்சும் நகரத்திற்கு நிதியிழப்பு நேரக் கூடாது என்பதும் அங்கே சட்ட விதி. எனவே பள்ளத்தாக்கு ஆண்டுதோறும், படிப்படியாகக் குறையும் ஒரு தொகையைப் பழைய நகருக்குச் செலுத்த வேண்டும் என்பது முன்மொழிவிலேயே அடங்கியிருந்தது. தில்லியில் பேசப்படாத இரண்டும், அதாவது இசைவும் ஈடும், அங்கே வாக்குச்சீட்டுக்கு முன்பே பேசப்பட்டன.

தில்லி சட்டப்பேரவை பிரிக்கும் சட்டத்தை இயற்றிய அதே 2011ஆம் ஆண்டில் சென்னை எதிர்த்திசையில் சென்றது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்தன. பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. வார்டுகளோ 155-இலிருந்து 200 மட்டுமே ஆயின. ஒன்று பிரிந்தது, மற்றொன்று இணைந்தது. இரண்டிலும் வாக்கெடுப்பு இல்லை. பிரித்தல், இணைத்தல் என்னும் திசைகளைவிட, இவ்விரு நகரங்களுக்கும் பொதுவான இப்போக்கே ஆய்வுக்குரியது.

பெங்களூரு: இன்றைய களம்

2007-இல் சுற்றுப்புற நகராட்சிகளையும் 110 கிராமங்களையும் இணைத்து உருவான பெருநகர பெங்களூரு மாநகராட்சி, 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாயிற்று. தில்லியில் இல்லாத மேலடுக்கு இங்கே உண்டு: பெருநகர பெங்களூரு ஆணையம். இது முன்னேற்றம் எனத் தோன்றலாம். ஆனால் அவ்வாணையத்தின் தலைவர் மாநில முதல்வர். நகர மக்கள் அப்பதவிக்கென நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஒருவர் அங்கு இல்லை. மேலும், பழைய மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரிலேயே முடிவுற்றது. அதன்பின் தேர்தல் நடத்தப்படாமலே பிரிவினை நிகழ்ந்தது. உள்ளாட்சியைப் பிரிக்கும் முடிவு எடுக்கப்பட்டபோது, அதனை விவாதிக்க உள்ளாட்சி மன்றமே இல்லை. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் செறிந்த பகுதிக்கும் பிற பகுதிகளுக்கும் இடையே வருவாய் எவ்வாறு பகிரப்படும் என்பதைப் பொறுத்தே, தெற்கு தில்லியும் கிழக்கு தில்லியும் அங்கு மீண்டும் தோன்றுமா என்பது அமையும்.

முடிவுரை

பெருநகரத்தைப் பிரிக்கலாமா என்னும் வினாவுக்கு இக்கட்டுரையின் விடை, நிபந்தனைகளோடு கூடிய ஆம் என்பதே. முதலாவது, பிரிக்கப்படும் அமைப்புக்குப் பிரித்தளிக்கத்தக்க அதிகாரம் இருக்க வேண்டும். பணிகளையும் நிரந்தரத் தலைமையையும் இழந்த அமைப்பைத் துண்டாக்குவதால் தன்னாட்சி பிறப்பதில்லை. இரண்டாவது, வளமான பகுதியின் வருவாயில் பங்கு வறிய பகுதிக்குத் தானாகச் சென்று சேரும் விதி, பிரிக்கும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அதனை அடுத்த அரசின் நல்லெண்ணத்திற்கு விட்டுவிடலாகாது. மூன்றாவது, நகரம் முழுமைக்குமான பணிகளை ஏற்கும் மேலடுக்கு, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நான்காவது, எல்லை மாறும் மக்களின் இசைவு பெறப்பட வேண்டும். இந்நான்கும் இயலாத சூழலில், அரசமைப்பின் 243எஸ் உறுப்பு கூறும் வார்டு குழுக்களுக்கு நிதியும் முடிவெடுக்கும் உரிமையும் வழங்குவது பிரிவினையைவிடத் தீங்கற்ற வழி. தில்லியில் பிரிவினைக்கு முன்னும் பின்னும் இருந்துவரும் 12 மண்டலங்களில் இதனைத் தொடங்கியிருக்க முடியும்.

தில்லியின் பத்தாண்டைச் சிறு உள்ளாட்சிகளுக்கு எதிரான சான்றாகக் காட்டுவோர், அங்கே தன்னாட்சி ஒருபோதும் சோதிக்கப்படவில்லை என்பதை மறக்கின்றனர். சிறு உள்ளாட்சிகளை வாழ்த்துவோர், ஊதியமின்றித் தெருவில் அமர்ந்த கிழக்கு தில்லித் தூய்மைப் பணியாளர்களை மறக்கின்றனர். பிரிவினையால் தெற்குக்கு நேர்ந்த நன்மை எவ்வளவு என்று கணக்கிடுவதற்கு முன், கிழக்கில் அதன் விலையைச் செலுத்தியவர் எவர் என்று கேட்பதே உள்ளாட்சி ஆய்வின் முதற்கடமை.